செருப்புப் போட்டுத் தொடு

மஞ்சிரிக்கு அந்தக் கூலர் மேல் கோபம் கிடையாது. அது பாவம், இரும்பு. அதற்கு என்ன தெரியும்? கோபமெல்லாம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய புருஷன் ஹேமந்த் மேல்தான்.

கல்யாணமான வருஷம் அவனே பட்டறையில் போய் நின்று, தகடு எந்தக் கனம், விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்த கூலர். மூன்று பக்கமும் புல் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் மோட்டார். குழந்தைகள் படுக்கிற அறையின் ஜன்னலில், உடம்பு வெளியே ஸ்டாண்டின் மேலும் முகம் அறைக்குள்ளுமாக யானை மாதிரி உட்கார்ந்திருக்கும். வருஷா வருஷம் ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் பனியனோடு களத்தில் இறங்கிவிடுவான். பழைய புல்லைப் பிடுங்கிப் புதுப் புல் அடைப்பது, துரு சுரண்டுவது, பெயிண்ட் பூசுவது என்று அன்றைக்குச் சாப்பாடு கூட நினைவிருக்காது. நாக்பூர் ஆம்பிளைகள் எல்லோருக்கும் அன்று இதே திருவிழாதான். எவன் வீட்டுக் கூலர் அதிகம் ஜில்லென்று அடிக்கிறது என்று தெருவில் போட்டி வேறு. தன்னுடையதுதான் முதல் என்று ஹேமந்த் சொல்லுவான். வேறு யாரும் சொல்லி மஞ்சிரி கேட்டதில்லை.

ஒரே ஒரு குறை. தொட்டால் ஷாக் அடிக்கும்.

ஷாக் என்று சொன்னால் ஹேமந்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஷாக்காவது ஒண்ணாவது. லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரும்புக் கூலர்னா அப்படித்தான்," என்பான். அதற்காக வீட்டில் ஒரு சட்டம். கூலர் பக்கம் போகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மற்ற அறைகளில் செருப்புக் காலோடு நுழைந்தால் சாமி குற்றம். அந்த அறையில் செருப்பில்லாமல் நுழைந்தால் எறும்பு.

இதில் மஞ்சிரி ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடிக்கவும் முடியாது. அவள் பிறந்த ஊர் சந்திரபூர். வெயிலில் நாக்பூருக்கு அண்ணன். அங்கேயும் செருப்புப் போட்டுத் தொடு, செருப்புப் போட்டுத் தொடு என்று கேட்டேதான் வளர்ந்தாள். மூத்தவள் ருதுஜா நடக்கத் தொடங்கியபோது அதையே அவளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. இப்போது ஏழு வயது. தூக்கத்தில் எழுந்தால் கூடக் கால் செருப்பைத் தேடும்.

வினை வந்தது சின்னவனால். மல்ஹாருக்கு மூன்று வயது முடிந்திருந்தது. செருப்பு என்பது கழற்றி எறிவதற்காகவே செய்யப்பட்டது என்று உறுதியாக நம்புகிற வயது. வாளித் தண்ணீரைக் கண்டால் கையை விடுவான், ஈரக் கையைக் கண்ட இடத்தில் வைப்பான். போன வருஷம் அவன் கைக்குக் கூலர் எட்டவில்லை. இந்த வருஷம் எட்டுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள பெரிய மூளை வேண்டாம். ஆனால் ஹேமந்துக்கு அந்தச் சின்ன மூளையும் அலுவலகத்தோடு நின்றுவிட்டது.

மஞ்சிரி ஏப்ரல் முழுக்கச் சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள், கத்திச் சொன்னாள், அவன் சாப்பிடும்போது சொல்லக்கூடாது என்று சாப்பிட்ட பிறகும் சொன்னாள். மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கூலர் ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். பிளாஸ்டிக் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். அது காற்றா, யாரோ இருமுகிற மாதிரி இருக்கும் என்பான். மோட்டார் வேலை பார்க்கிற கடைகளில் இப்போது கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். அடுத்த வாரம் வந்தால் அதற்கும் ஒரு அடுத்த வாரம் இருந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தாலாவது அது வாலை ஆட்டும்.

அதனால் பகலெல்லாம் அவள் பிள்ளைக்குப் பின்னாலேயே ஓடினாள். கூலர் பக்கத்தில் மெத்தையைப் போடாமல் எதிர்ச் சுவரோரம் போட்டாள். இரவில் பிள்ளைகளுக்கும் கூலருக்கும் நடுவில் அணை மாதிரித் தான் படுத்துக்கொண்டாள். மல்ஹார் ஒரு தடவை உருண்டால் அவள் இரண்டு தடவை விழித்தாள். காலையில் எழுந்து, எனக்குத் தூக்கமே இல்லை என்று சொன்னால், இவ்வளவு ஜில்லென்ற காற்றில் தூக்கம் வராத ஒரே ஆள் நீதான் என்று ஹேமந்த் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது அவன் தலையிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டலாமா என்று அவளுக்கு வரும்.

மே மாதம் பிறந்தது. ஒருநாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போது ஈரச் செருப்போடு நின்றதாலோ என்னவோ, முழங்கை வரைக்கும் சுரீர் என்று இழுத்துவிட்டது. வாளி கீழே விழுந்து உருண்டது. மஞ்சிரி கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தனக்கே இப்படி என்றால் அந்தப் பொடியனுக்கு? இனி இந்த மனுஷனிடம் கேட்டுப் பயனில்லை என்று அன்றே முடிவு பண்ணினாள்.

மறுநாள் ஹேமந்த் நீர்ப்பாசன ஆபீஸுக்குக் கிளம்பிப் போனதும், தெருக்கோடி எலக்ட்ரிக் கடைக்காரரிடம் சொல்லி ஆளை வரவழைத்தாள். வந்தவன் மெயின் போர்டில் புதிதாக ஒரு ஸ்விட்சை மாட்டினான். வீட்டில் எங்கே கரண்ட் கசிந்தாலும் அது தானாகவே விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும். உயிருக்கு ஆபத்து வராது. கூலருக்குச் சரியாக எர்த் ஒயரும் இழுத்துக் கொடுத்துவிட்டு, மோட்டாரையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மஞ்சிரிக்கு மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. புருஷன் வந்ததும் அவளே வாய் நிறையச் சிரிப்போடு சொன்னாள். அவனும் பரவாயில்லையே, வீட்டுக்கு நல்லதுதான் என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் கூலரைப் போட்டான். டக். வீடு இருண்டது.

ஸ்விட்சை ஏற்றினான். கூலரைப் போட்டான். டக்.

மறுபடி ஏற்றினான், மறுபடி டக். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, எதிர் வீட்டில் டிவி பாடுகிறது, இவர்கள் வீடு மட்டும் கும்மிருட்டு. கூலரைப் போடாத வரைக்கும் ஸ்விட்ச் சாதுவாக இருந்தது. கூலரைப் போட்டால் போதும், விழுந்துவிடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கூலரில் கரண்ட் கசிகிறது என்று தெரிகிறது. ருதுஜாவைக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் ஹேமந்த் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டையே பார்த்தான், பிறகு தீர்ப்புச் சொன்னான். "டுபாக்கூர் ஸ்விட்சை மாட்டிட்டுப் போயிருக்கான் அந்த ஆளு. என் கூலர் எட்டு வருஷமா ஓடுது, ஒரு நாள் நின்னதில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மஞ்சிரி தலையில் அடித்துக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டதில், ஸ்விட்ச் அதன் வேலையைத்தான் செய்கிறது, மோட்டாரை மாற்றுங்கள் என்றான். மோட்டார் கடையில் கேட்டால், மே மாதத்தில் வந்து கேட்கிறீர்களே அண்ணே, குறைந்தது ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஏப்ரலில் கொடுத்திருக்கலாம். அதை மஞ்சிரி சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு தடவை சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து நவதபா தொடங்கியது. ஒன்பது நாளும் சூரியன் பூமியை வறுத்தெடுக்கிற சமயம். சாயங்காலம் குழாயைத் திறந்தால் டீ போடலாம் போலத் தண்ணீர் வந்தது. குழந்தைகள் அறை மேற்குப் பார்த்தது. சுவரில் கை வைத்தால் தோசைக்கல். மஞ்சிரி தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தாள். பகலில் ஜன்னலை மூடித் திரை போட்டாள், பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்தாள். பழைய சேலையை நனைத்து ஜன்னலில் கட்டினாள். தரையை வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். பிள்ளைகளுக்கு மாங்காய்ப் பானகம் கொடுத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, பனியன் கூட இல்லாமல் படுக்கப் போட்டாள். மேலே ஓடிய விசிறி சூட்டைத்தான் கிளறிக் கொடுத்தது. மாடிக்குப் போய்ப் படுக்கலாம் என்றால் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். மல்ஹார் தூக்கத்தில் எழுந்து நடக்கிறவன். ஒன்றைத் தவிர்த்தால் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

மூன்றாம் நாள் மல்ஹாருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அந்த ஊரில் வெயில் காலத்தில் குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனாலும் தலையணையில் சிவப்பைப் பார்த்தால் எந்தத் தாய்க்குப் பகீர் என்று இருக்காது? ருதுஜாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. இரண்டும் இரவெல்லாம் சிணுங்கின. ஹேமந்த் பேசாமல் இருந்திருந்தாலாவது புண்ணியம். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, உன் ஸ்விட்ச் வந்துதான் பிள்ளைக்கு ரத்தம் வந்தது என்று சொல்லிவிட்டான். மஞ்சிரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ, தேவையில்லாமல் பயந்து பிள்ளைகளை வாட்டுகிறோமோ என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்ததற்காக அவன் மேல் இன்னும் கோபம் வந்தது.

பக்கத்து வீட்டு வாமன்ராவைத் தெருவே சித்தப்பா முறை வைத்துக் காகா என்று கூப்பிடும். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். தெருவில் எந்த வீட்டில் எது பழுதானாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். ரிப்பேர் ஆகாத பொருளும் அவர் வந்து நின்றால் ரிப்பேர் ஆகும். அவர் அன்று மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கூலர் ஓடுகிற ஊருக்கு இந்த ஸ்விட்ச் எல்லாம் சரிப்படாது, இது பம்பாய்க்காரர்கள் பண்ணுகிற கூத்து என்றார். ஹேமந்தும் அவரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கெட்டிக்காரர்கள் தலையைச் சேர்த்து வைத்தால் வீட்டுக்காரிதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆனால் மஞ்சிரிக்கு இரவுத் தூக்கமில்லாத கண், கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவள் கறிகாய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தில் ஜில்லென்று அடித்தது. புது ஸ்விட்ச் விழாமல் நிமிர்ந்து நிற்கிறது. கூலர் ஜம்மென்று ஓடுகிறது. பிள்ளைகள் மெத்தையில் கைகாலைப் பரப்பிக்கொண்டு அசந்து தூங்குகின்றன.

எப்படி என்று கேட்டாள். நானும் காகாவும் சேர்ந்து சரி பண்ணிவிட்டோம் என்றான். மோட்டாரை மாற்றினீர்களா என்றாள். அதெல்லாம் உனக்கு எதற்கு, ஸ்விட்ச் விழுகிறதா பார், விழவில்லை அல்லவா, இனிமேல் சுவர் ஸ்விட்சைத் தொடாதே, அது போட்டபடியே இருக்கட்டும், கூலரை ஓட்டுவதும் நிறுத்துவதும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குரலில் அவ்வளவு குழைவு. அந்தக் குழைவே அவளுக்குச் சந்தேகம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் வேர்க்காமல் தூங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டாள். ஸ்விட்ச் விழவில்லை என்றால் கசிவு இல்லை என்றுதானே அர்த்தம்? அன்று இரவு புருஷனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் சோள ரொட்டியும் செய்து போட்டாள். பல நாளைக்குப் பிறகு அவளும் அணையாகப் படுக்காமல், ஓரமாகப் படுத்து, அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள். இதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம். வெயில் தாழ்ந்திருந்தாலும் வெளியே அனல் குறையவில்லை. படுக்கைக்கு அறையைத் தயார் பண்ணுவோம் என்று மஞ்சிரி தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, காயட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ருதுஜாவோடு விளையாட வாமன்ராவ் காகாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம். பருப்புக்குத் தாளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை அடிதடி இல்லை என்று நினைத்தாள்.

"வந்துச்சா? உனக்கு வந்துச்சா?" என்று ருதுஜா கேட்பது காதில் விழுந்தது.

"வந்துச்சு, வந்துச்சு" என்று மல்ஹார் கெக்கெக்கென்று சிரித்தான்.

என்ன வந்தது என்று பார்க்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலு பிள்ளைகளும் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ருதுஜா செருப்புப் போட்டிருக்கிறாள். ஒரு புறங்கையால் கூலரின் தகட்டைத் தொடுகிறாள். நடுவில் நின்ற இரண்டு பேரும் செருப்போடு. வரிசையின் கடைசியில், ஈரத் தரையில் வெறுங்காலோடு மல்ஹார்.

"கையை விடுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் பிள்ளைகள் தெறித்து விலகினார்கள். பாய்ந்து சுவர் ஸ்விட்சை அணைத்தாள். கூலர் ஓடியது. மறுபடி தட்டினாள். கூலர் அப்போதும் ஓடியது. நடைக்கு ஓடி மெயின் போர்டில் அந்தப் புது ஸ்விட்சைப் பிடித்து இறக்கினாள். விளக்கு போனது, விசிறி நின்றது, பிரிட்ஜ் ஓய்ந்தது. கூலர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பேய் பிசாசு என்று கூடத் தோன்றிவிட்டது.

பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் பேய் யார் என்று தெரிந்தது. வாமன்ராவ் காகா வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு நீள ஒயர் மதில் ஏறி வந்து, அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிய பெட்டியில் முடிந்தது. கூலரின் பிளக் அதில் சொருகியிருந்தது. எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்த எர்த் ஒயரைக் கத்தரித்து, அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தார்கள். தன் வீட்டுக் கரண்டில் போட்டால் ஸ்விட்ச் விழுகிறது என்று, ஸ்விட்ச் இல்லாத வீட்டுக் கரண்டைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இதுதான் சரி பண்ணிய லட்சணம்.

மஞ்சிரி பிளக்கைப் பிடுங்கினாள். கூலர் மெல்ல முனகி நின்றது.

உள்ளே வந்து ருதுஜாவை உட்கார வைத்து, இந்த விளையாட்டை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவளிடம் தெம்பும் இல்லை.

"பாபாதான் சொன்னாரு. சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவரும் பெரியப்பாவும் இப்படித்தான் விளையாடுவாங்களாம். கடைசி ஆளுக்கு எறும்பு வருதான்னு பாக்கணும்."

"மல்ஹாரை ஏண்டி கடைசியில நிறுத்தின?"

"எங்க மூணு பேருக்கும் வரவே மாட்டேங்குது மம்மி. அவன் செருப்பு போடல இல்ல, அவனுக்குத்தான் நல்லா வருது."

மஞ்சிரி அந்தப் பெண்ணை அடிக்கவில்லை. எதற்கு அடிப்பது? செருப்புப் போட்டுத் தொடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். செருப்புப் போட்டுத் தொட்டது. தொடாதே என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ஈரம் பண்ணி வைத்த தரையும் அவள் கையால் ஆனதுதான்.

ஹேமந்த் வழக்கம்போல் வந்தான். வழக்கம்போல் வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தான். வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்து, என்ன, கூலரை யார் நிறுத்தியது என்று கேட்டுக்கொண்டே குழந்தைகள் அறைக்கு வந்தான். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட வந்த வாமன்ராவ் காகாவும் பின்னாலேயே நின்றார். மஞ்சிரி சந்துக்குப் போய்ப் பிளக்கைச் சொருகினாள். கூலர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஹேமந்தின் முகத்தில் அசடு வழிந்தது. கண்டுபிடிச்சிட்டியா என்கிற மாதிரி இளித்தான்.

ஒயரைப் பிடித்தபடியே அவள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து சொன்னாள். "அதைத் தொடுங்க."

"என்னது?"

"கூலரைத் தொடுங்க. எறும்புதானே. தொடுங்க, பாப்போம்."

அவன் கண் தானாகவே அறை வாசலைத் தேடியது. செருப்பு இல்லாமல் எப்படி என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

"மல்ஹார் செருப்பு போட்டுக்கலீங்க," என்றாள் மஞ்சிரி. "இதே தரைதான். இதே ஈரம்தான். உங்க பொண்ணு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க சொல்லிக் கொடுத்த விளையாட்டை விளையாடிச்சு. எறும்பு நல்லா வந்துச்சாம். நான் வீட்டுல இருக்கிற எல்லா ஸ்விட்சையும் அணைச்சேன். உங்க கூலர் நிக்கல."

காகா நடுவில் புகுந்து, அதெல்லாம் ரொம்பக் குறைந்த கரண்ட் அம்மா, எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாக என்று ஆரம்பித்தார். அப்படியானால் நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் காகா, இரண்டு பேருமாகக் கையைக் கோத்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரியவரிடம் அப்படிப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. காகாவின் கால் அரை அடி பின்னால் போனது. செருப்பு காலிலேயே இருந்தது.

ஹேமந்துக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன பெரிய இது என்று வேட்டியை வரிந்து கட்டுகிறவன் மாதிரித் தோளைக் குலுக்கிக்கொண்டு கையை நீட்டினான். எங்கே தொட்டுத் தொலைத்துவிடுவானோ என்று மஞ்சிரி பிளக்கை அரைகுறையாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் கை தகட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. ஈரக் காலைத் தரையில் மாற்றி மாற்றி வைத்தான். விரலை மடக்கினான், நீட்டினான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவ்வளவு ஜில்லென்ற காற்றுக்கு எதிரில் நிற்கிறவனுக்கு.

ருதுஜாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சும்மா தொடு பாபா, ஒண்ணும் ஆகாது," என்றாள். "மல்ஹாரே பயப்படல."

ஹேமந்தின் கை அப்படியே கீழே இறங்கியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சிரி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பெட்டியையும் ஒயரையும் மதிலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். காகா பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டிருந்தார். காற்று நின்றதும் அறையில் வெக்கை ஏறத் தொடங்கியது. இன்றைக்கும் ராத்திரி பிள்ளைகள் அழும், மறுபடி மூக்கில் ரத்தம் வரலாம், அதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதை இந்த முறை அவள் மட்டும் யோசிக்கப் போவதில்லை.

"மல்ஹார், இங்க வாடா," என்றான் ஹேமந்த்.

ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பிள்ளை ஓடிவந்து எதிரில் நின்றது. அவன் அந்தக் குட்டிக் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மாம்பழப் பிசுக்கு. அவன் அதை விடாமல் பிடித்துக்கொண்டான்.

அப்பா கையைப் பிடித்ததும் விளையாட்டு மறுபடி தொடங்கிவிட்டது என்று நினைத்தான் மல்ஹார். முகமெல்லாம் சிரிப்பாக, மற்றொரு கையைக் கூலரை நோக்கி நீட்டினான்.

ஹேமந்த் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டான்.